துளையிடாத கல், பற்றவைக்காத கம்பி
கூழாங்கல்லைக் கம்பியால் கட்டிப் பதக்கமாக்கும் கைவினை

ரோமானிய அறிஞர் பிளினி, தன் 'இயற்கை வரலாறு' நூலின் கடைசிப் பகுதியான 37ஆம் தொகுதியை மணிகளுக்கும் ரத்தினங்களுக்கும் ஒதுக்கினார். அதில் இந்தியர்களின் ரசனை பற்றி ஒரு செய்தி வருகிறது. பெரில் என்னும் கடல்நீர் நிறக் கல்லின் மீது இந்தியர்களுக்குத் தீராத மோகம். அதைத் தங்கத்தில் பதிக்காமல் அணிவதையே விரும்புகிறார்கள். துளையிட்டு யானை முடியில் கோத்துக்கொள்கிறார்கள். கல் மிக உயர்ந்த தரமாக இருந்தால் துளையிடுவதே இல்லை. இரு முனைகளிலும் தங்கக் குமிழ்களைப் பொருத்தி அணிகிறார்கள்.

பிளினி கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். அவர் காலத்தில் பெரில் கிடைத்த இந்திய இடங்களில் ஒன்று, இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் படியூர். காங்கேயத்துக்குப் பக்கத்து ஊர். அங்கிருந்து சற்றுத் தொலைவில், நொய்யல் கரையில், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல். பெரில், நீலம், ஸ்படிகம், சூதுபவளம், அகேட் எனப் பல கற்களில் மணி செய்த பழந்தமிழர் தொழிற்கூடங்களின் தடயங்களை அகழாய்வுகள் அங்கே வெளிக்கொண்டு வந்தன. துளையிட்டு முடித்த மணிகளோடு, பாதி வேலையில் கைவிடப்பட்டவையும் கழிவுச் சில்லுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் பேசப்படும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

அந்த மணிக்காரர்களின் பெரிய கவலை துளை. கல் தொழிலில் பொருள் பாழாவது பெரும்பாலும் துளையிடும்போதுதான். பல நாள் தேய்த்து மெருகேற்றிய கல், கடைசித் துளையில் இரண்டாகப் பிளந்துவிடும். துளையே போடாமல் கல்லைக் கழுத்தில் தொங்கவிட முடியுமா? முடியும் என்பதற்கு இன்று உலகெங்கும் வீட்டு மேசைகளில் பரவியிருக்கும் ஒரு கைவினை சாட்சி. ஆங்கிலத்தில் 'வயர் ராப்பிங்'. நாம் கம்பிக்கட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

உலை இல்லாத நகைவேலை

ஆசாரியின் பட்டறையில் கல் பதிப்பது பல படிகள் கொண்ட வேலை. உலோகத் தகட்டில் கல்லின் அளவுக்கு வீடு கட்ட வேண்டும். வெங்காரம் தடவி, பொடிவைத்து ஊதிப் பற்றவைக்க வேண்டும். அரம் போட வேண்டும். பிறகு விளிம்பை மடக்கிக் கல்லை இறுக்க வேண்டும். நெருப்பைக் கையாளப் பழகுவதற்கே ஆண்டுகள் ஆகும்.

கம்பிக்கட்டில் நெருப்பு இல்லை, பற்றவைப்பு இல்லை, பசை இல்லை. மெல்லிய உலோகக் கம்பியை வளைத்து, சுற்றி, பின்னி, கல்லைச் சுற்றி ஒரு கூடு செய்கிறோம். கல்லின் வடிவமும் கம்பியின் விறைப்பும் சேர்ந்துதான் பிடிப்பைத் தருகின்றன. மூன்று குறடு, கொஞ்சம் கம்பி, ஒரு மேசை இருந்தால் போதும். ஆகவே பட்டறைப் பரம்பரை இல்லாதவர்களுக்கும் உலோக வேலைக்குள் நுழைய இது ஒரு வாசல்.

சுலபமான வாசல் என்று சொல்ல மாட்டேன். நெருப்பு இருந்தால் பிழையை உருக்கித் திருத்தலாம். இங்கே ஒவ்வொரு வளைவும் கம்பியில் தங்கிவிடும்.

உர் நகரிலிருந்து கால்டர் வரை

கம்பிக்கட்டு புதுமோஸ்தர் அல்ல. மெசபடோமியாவின் உர் நகர அரச கல்லறைகளில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய பொன்கம்பிச் சுருள்கள் கிடைத்திருக்கின்றன. எகிப்தின் இடைக்கால அரசுக் காலத்து மோதிரங்களில் வண்டு வடிவக் கல் ஒன்று கம்பியில் கோக்கப்பட்டிருக்கும். கம்பியின் இரு நுனிகளும் மோதிரத்தின் தோள்களில் பல சுற்றுகளாகச் சுற்றி முடிக்கப்பட்டிருக்கும். இன்று முதல் பாடமாகச் சொல்லித்தரப்படும் சுற்று அதுவேதான்.

20ஆம் நூற்றாண்டில் இதற்குக் கலை மதிப்பு தேடித்தந்தவர் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர். காற்றில் அசையும் 'மொபைல்' சிற்பங்களால் புகழ்பெற்றவர். அவர் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 1,800 நகைகளும் செய்தார். பெரும்பாலும் பித்தளைக் கம்பியும் வெள்ளிக் கம்பியும்தான். சுத்தியலால் தட்டுவார், சுருட்டுவார், கம்பியாலேயே கம்பியைக் கட்டுவார். பற்றவைப்பை முடிந்தவரை தவிர்த்தார். 1942இல் நியூயார்க்கில் தன் கலைக்கூடத்தைத் திறந்துவைத்த பெகி குகன்ஹைம், ஒரு காதில் கால்டர் செய்த தோட்டையும் மறு காதில் ஓவியர் ஈவ் தாங்கி செய்த தோட்டையும் அணிந்து வந்தார். பித்தளைக் கம்பியின் விலைக்காக அல்ல, அதை வளைத்த கைக்காகவே அந்த நகைக்கு மதிப்பு.

எந்தக் கல்?

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கம்பியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது கல்லைப் பற்றி.

கடைகளில் மெருகேற்றிய கல் இரண்டு வகையாகக் கிடைக்கும். ஒன்று, அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் குவிந்தும் இருக்கும் கபோஷான். இன்னொன்று, எல்லாப் பக்கமும் உருண்டு வழவழவென்றிருக்கும் கூழாங்கல் வடிவம். இந்த இரண்டாம் வகையை உருளைப் பீப்பாய் இயந்திரத்தில் செய்கிறார்கள். உடைத்த கற்களோடு தண்ணீரும் சிலிக்கான் கார்பைடு பொடியும் போட்டு இரவு பகலாக உருட்டுவார்கள். முதலில் கரடுமுரடான பொடி, பிறகு நடுத்தரம், பிறகு நைஸ், கடைசியில் மெருகுப்பொடி. சுற்று ஒன்றுக்குச் சுமார் ஒரு வாரம். ஆறு பல்லாயிரம் ஆண்டுகளில் செய்வதை இயந்திரம் ஒரு மாதத்தில் முடித்துவிடுகிறது.

அகேட், ஜாஸ்பர், சூதுபவளம், செவ்வந்திக்கல் எனப்படும் அமெதிஸ்ட், ஸ்படிகம் ஆகிய அனைத்தும் குவார்ட்ஸ் குடும்பம். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் இவை 7 பக்கம் நிற்பவை. எஃகுக் குறடு பட்டாலும் எளிதில் கீறல் விழாது. தொடங்குவோருக்கு இவைதான் ஏற்றவை. ஃபுளோரைட் வெறும் 4. முத்து அதற்கும் கீழே. நிலாக்கல் கடினமானதுதான், ஆனால் இரண்டு திசைகளில் எளிதில் பிளக்கும் குணம் உண்டு. இறுக்கிப் பிடித்தால் விரிசல் விழலாம். காங்கேயம் பகுதி நிலாக்கல்லுக்குப் பெயர் பெற்றது. உள்ளூர்க் கல்லில் வேலை செய்ய ஆசைப்படுவது நியாயமே. ஆனால் கை பழகிய பிறகு அதைத் தொடுங்கள்.

குஜராத்தின் கம்பாத் நகரம் நூற்றாண்டுகளாக அகேட் வேலைக்குப் பெயர் போனது. பரூச் மாவட்டத்து ரத்தன்பூர்ச் சுரங்கக் கற்களைச் சூடுபடுத்தி, உள்ளிருக்கும் இரும்புச்சத்தைச் சிவக்கவைத்துச் சூதுபவளம் ஆக்குவது அங்கே பழைய நுட்பம். கொடுமணலில் கிடைத்த சூதுபவள மணிகளின் மூலக்கல்லும் குஜராத்திலிருந்து வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆகவே கல்லைச் சூடுபடுத்தி நிறமேற்றுவதைப் பித்தலாட்டம் என்று தள்ளிவிட முடியாது. சொல்லாமல் விற்பதுதான் பித்தலாட்டம்.

அப்படி விற்கப்படுபவையும் ஏராளம். வெள்ளை ஹவ்லைட் கல்லுக்கு நீலச்சாயம் ஏற்றினால் டர்க்காய்ஸ் ஆகிவிடும். 'ஓப்பலைட்' என்ற பெயரில் வருவது பெரும்பாலும் கண்ணாடி. மினுமினுப்புத் துகள்கள் மின்னும் 'கோல்ட்ஸ்டோன்' முழுக்கவே கண்ணாடி. கடையில் கிடைக்கும் மஞ்சள் சிட்ரின் பெரும்பாலும் சூடுபடுத்திய அமெதிஸ்ட். பளீரென்ற ரோஜா நிறமோ மயில்கழுத்து நீலமோ உள்ள அகேட் சாயமேற்றியதாகவே இருக்கும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் பஞ்சை நனைத்துக் கல்லின் மூலையில் தேய்த்துப் பாருங்கள். மலிவான சாயம் பஞ்சில் ஒட்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் கண்ணாடிக்குள் காற்றுக்குமிழ்கள் தெரியும். கண்ணாடியில் பதக்கம் செய்வது குற்றமல்ல. அதைக் கல் என்று சொல்லி விற்காமல் இருந்தால் சரி.

கம்பிக் கணக்கு

பழகுவதற்குச் செம்புதான். மலிவு, மென்மை, சொன்னபடி வளையும். பித்தளை விறைப்பு அதிகம், விரல் நோகும். வெள்ளி வேண்டுமென்றால் 92.5 சதவீத வெள்ளி. முலாம் பூசிய கம்பி பார்வைக்கு அழகு. ஆனால் குறடு அழுத்திய இடத்திலும் கூர்மையான வளைவிலும் முலாம் உரிந்து உள்ளே இருப்பது எட்டிப் பார்க்கும்.

மோட்டார் காயில் கட்டும் கடைகளில் எடைக்கு விற்கும் செம்புக் கம்பியைப் பலர் வாங்கி வருகிறார்கள். பயிற்சிக்கு நல்லதுதான். ஆனால் அதன் மேல் எனாமல் பூச்சு இருக்கும். கருக்காமல் காப்பதும் அதுதான். குறடு பட்டால் திட்டுத்திட்டாக உரிவதும் அதுதான். அந்தப் பூச்சை அடுப்பில் எரித்து நீக்க முயலாதீர்கள்; புகை கெடுதல். வெற்றுச் செம்பு வேண்டுமென்றால் வெற்றுக் கம்பியாகவே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, கம்பித் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண்ணில் வரும் குழப்பம். எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேஜில் இரண்டு கணக்கு உண்டு. யூடியூப் வகுப்புகள் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில் பேசுகின்றன. நம் ஊர்க் கடைகள் எஸ்.டபிள்யூ.ஜி. என்னும் பிரிட்டிஷ் கணக்கில் விற்கின்றன. அமெரிக்க 20 கேஜ் 0.81 மி.மீ.; பிரிட்டிஷ் 20 கேஜ் 0.91 மி.மீ. அமெரிக்க 28 கேஜ் 0.32 மி.மீ.; பிரிட்டிஷ் 28 கேஜ் 0.38 மி.மீ. பார்ப்பதற்குச் சிறு வித்தியாசம்தான். ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் கம்பியின் முரட்டுத்தனம் நன்றாகவே கூடிவிடும். பாடத்தில் எளிதாகத் தெரிந்த வளைவு உங்கள் கையில் முரண்டு பிடிக்கும். ஆகவே எண்ணைக் கேட்காமல் மில்லிமீட்டரைக் கேளுங்கள். சட்டகத்துக்கு 0.8 முதல் 1 மி.மீ., சுற்றுவதற்கும் பின்னுவதற்கும் 0.3 முதல் 0.4 மி.மீ. தொடங்க இந்த இரண்டு போதும்.

குறடுகளில் மூன்று தேவை. வளையம் போட, வாய் இரண்டும் கூம்பாக உருண்ட குறடு. பிடிக்கவும் நுனியை அமுக்கவும், பல் இல்லாத தட்டைமூக்குக் குறடு. நுனியைச் சமமாக நறுக்க, பக்கவாட்டு வெட்டுக் குறடு. எலக்ட்ரீஷியன் குறட்டின் பற்கள் கம்பியில் தழும்பு போடும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் வாயில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வெட்டும்போது கண்ணாடி அணிவதும், வெட்டுப்படும் நுனியை விரலால் மூடிக்கொள்வதும் கட்டாயம். துண்டுக் கம்பி கண்ணை நோக்கித் தெறிப்பது இந்த வேலையில் உண்மையான ஆபத்து.

முதல் பதக்கம்

சுமார் 2 செ.மீ. உயரமுள்ள, கொஞ்சம் நீள்வாட்டமான கூழாங்கல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முழு உருண்டை வேண்டாம். அதில் கம்பிக்குப் பிடிமானமே இல்லை. எங்காவது ஒரு பள்ளமோ இடுப்பு ஒடுக்கமோ இருந்தால் அதிர்ஷ்டம்.

0.8 மி.மீ. கம்பியில் முக்கால் சாண் நீளத்துக்கு மேல் கூடுதலாகவே விட்டு இரண்டு துண்டு நறுக்கி, நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்து ஒரு முறுக்கு முறுக்குங்கள். அந்த முறுக்கின் மேல் கல்லின் அடி உட்காரட்டும். நான்கு கைகள் நான்கு பக்கமும் மேலே ஏறும். இப்போதே உச்சியில் சேர்த்து முறுக்கிவிட்டால் பதக்கம் முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் இரண்டு கம்பிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் கல் நழுவி வந்துவிடும். அதனால் கல்லின் அகலமான இடத்துக்குச் சற்று மேலும் கீழும் மெல்லிய கம்பியால் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குச் சுற்றுப்பட்டை ஓட்டுங்கள். ஒவ்வொரு கையிலும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அடுத்த கைக்குப் போகட்டும். இப்போது கல் எந்தப் பக்கமும் நகர முடியாது.

பிறகு நான்கு கைகளையும் உச்சியில் சேர்த்து, ஒன்றால் மற்ற மூன்றின் கழுத்தில் இறுக்கமாக மூன்று சுற்று சுற்றி நறுக்குங்கள். மீதியில் இரண்டை உருண்டைமூக்குக் குறட்டில் வளைத்து, சங்கிலி நுழையும் வளையமாக்கி, மறுபடி கழுத்தில் சுற்றுங்கள். கடைசிக் கம்பி உங்கள் விருப்பத்துக்கு. சுருளாக்கிக் கல்லின் முன்பக்கம் படியவைக்கலாம். நுனிகளை எல்லாம் உள்பக்கம் அமுக்கிவிட வேண்டும்.

சோதனைகள் மூன்று. காதருகே வைத்துக் குலுக்குங்கள், சத்தம் கேட்கக்கூடாது. பழைய நைலான் துணியில் எல்லாப் பக்கமும் உரசுங்கள்; எங்கும் இழை மாட்டக்கூடாது. வளையத்தைப் பிடித்து இழுங்கள், விரியக்கூடாது. இந்த மூன்றிலும் தேறினால் அழகு குறைந்தாலும் அது நகைதான். தேறாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்னும் நகை ஆகவில்லை.

அடுத்த படி கபோஷான். சதுர முகமுள்ள மூன்று முதல் ஐந்து கம்பிகளைப் பாய்போல் வரிசையாக வைத்து, அரைவட்டக் கம்பியால் இடையிடையே கட்டி, கல்லின் விளிம்பைச் சுற்றி வளைப்பார்கள். பிறகு ஓரக் கம்பிகளை முன்னும் பின்னும் சற்று உள்நோக்கி இழுத்துக் கல்லைச் சிறைவைப்பார்கள். அதற்கும் அடுத்தது, மெல்லிய கம்பியால் சட்டகங்களுக்கு இடையே நெசவுபோல் பின்னுவது. ஒரு சிறு பதக்கமே பல மீட்டர் கம்பியை விழுங்கிவிடும், பொறுமையையும்தான்.

கை கற்கும் பாடம்

எந்த உலோகக் கம்பியும் வளைக்க வளைக்க விறைக்கும். உலோகத்தின் படிக அடுக்குகளில் உள்ள பிறழ்வுகள் ஒவ்வொரு வளைவிலும் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதுதான் காரணம். இது நமக்கு நன்மையும்கூட. முதலில் இளகிய கம்பியாக இருந்தது, வேலை முடியும்போது கல்லைப் பிடிக்கும் வலிமை பெற்றுவிடுகிறது. ஆனால் ஒரே இடத்தை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திச் செய்தால் அங்கே ஒடியும். வெற்றுச் செம்பைச் செந்தணலாகச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். கல் உள்ளே வந்த பிறகு அதுவும் முடியாது. ஆகவே வளைக்கும் முன்பே எங்கே வளைவு என்று முடிவு செய்திருக்க வேண்டும். கம்பிக்கட்டின் முழுப் பாடமும் இதில் அடங்கிவிடும்.

இறுக்கமும் அப்படியே. பூக்கட்டும் கையைக் கவனித்தவர்களுக்கு இது புரியும்: காம்பு அறுபடவும் கூடாது, பூ உதிரவும் கூடாது. அந்த நடு இழுப்பைச் சொல்லித்தர முடியாது. விரல் தானாகக் கண்டுபிடிக்கும். வீடியோவை நூறு முறை பார்ப்பதைவிட ஒரே கல்லை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிப் பார்ப்பது மேல்.

கல்லை எங்கே பிடிக்கிறோம், எங்கே விடுகிறோம் என்பதில்தான் ரசனை தெரியும். கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில் கம்பியால் கல்லை மூடிவிடுகிறவர்களே அதிகம். சுருளுக்கு மேல் சுருள், பின்னலுக்கு மேல் பின்னல்; கடைசியில் அகேட்டின் வரிகள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பிடிப்புக்கு வேண்டிய கம்பி போக, மீதி ஒவ்வொரு சுற்றும் தன் இடத்தை நியாயப்படுத்த வேண்டும்.

பராமரிப்பும் கருமையும்

செம்பு காற்றில் கருக்கும். வியர்வை பட்டால் தோலில் பச்சை படியும், கழுவினால் போய்விடும். கருத்த செம்பைப் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம். வெறும் செம்பு வளையத்துக்குச் சரி. முத்து, பவளம், மாலக்கைட், டர்க்காய்ஸ், லாபிஸ் போன்றவை கட்டிய நகையில் புளியோ எலுமிச்சையோ பட்டால் கல்லின் மெருகு கெடும். மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். அமெதிஸ்டைத் தொடர்ந்து வெயிலில் வைத்தால் நிறம் வெளுக்கலாம்.

பழமைத் தோற்றத்துக்காக வேண்டுமென்றே கருக்கவைப்பதும் உண்டு. அதற்கான பொட்டாசியம் சல்பைடு ரசாயனத்தின் நாற்றம் வீட்டுக்கு ஆகாது. அவித்த முட்டையை உடைத்து, நகையோடு ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு சில மணி நேரத்தில் செம்பையும் வெள்ளியையும் கருக்கிவிடும். பிறகு மேடான இடங்களை மட்டும் தேய்த்தால் பள்ளங்களில் கருமை தங்கிப் பின்னல் எடுப்பாகத் தெரியும். துளைகள் நிறைந்த கற்களுக்கும் முத்துக்கும் இது வேண்டாம்.

சம்பாதிக்கலாமா?

'வீட்டிலிருந்தே மாதம் இவ்வளவு' என்று சொல்லும் பயிற்சி விளம்பரங்கள் நிறையக் கண்ணில் படுகின்றன. நம்ப வேண்டாம். செம்பும் கூழாங்கல்லும் மலிவு. நேரம்தான் விலை உயர்ந்தது. மூன்று மணி நேரம் பின்னிய பதக்கத்தைப் பொருள்விலையோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்துவிடுகிறவர்கள், தங்களுக்குத் தாங்களே கூலி கொடுக்காத முதலாளிகள். அச்சில் அடித்து வரும் ஃபேன்ஸி நகையோடு விலையில் போட்டியிட இந்தக் கைவினையால் முடியாது; முயலவும் கூடாது. உங்கள் கல் வேறு யாரிடமும் இல்லை, உங்கள் கட்டு இன்னொன்றில் அப்படியே வராது என்பதுதான் விற்கத்தக்க சரக்கு. அதற்கு விலை கொடுக்கிறவர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள்.

ராசிக்கல், அதிர்ஷ்டக்கல், நோய் தீர்க்கும் கல் என்று சொன்னால் விற்பனை கூடும் என்ற ஆசையும் வரும். கல்லுக்கு அப்படி ஒரு சக்தி இருப்பதாக எந்த அறிவியல் சான்றும் இல்லை. நெடுங்காலத்துக்கு முன் பூமிக்குள் விளைந்த பொருள் என்ற உண்மையே போதிய பெருமை.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரிய கட்டணம் கட்டி வகுப்பில் சேருமுன், கொஞ்சம் செம்புக் கம்பியும் ஒரு கைப்பிடி அகேட்டும் வாங்கி, அடிப்படைச் சுற்றையும் வளையத்தையும் மட்டும் விரலில் படியும்வரை செய்யுங்கள். அதில் அலுப்புத் தட்டினால் இந்த வேலை உங்களுக்கானதல்ல. பெரிய செலவும் இல்லை. அலுக்காவிட்டால் தொடருங்கள். முதல் பதக்கத்தை யாருக்கும் விற்காதீர்கள், பரிசாகவும் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் நீங்களே அணியுங்கள். எங்கே குத்துகிறது, எங்கே தளர்கிறது, எந்த நுனி புடவையில் மாட்டுகிறது என்று உங்கள் கழுத்தே சொல்லும். அந்தக் குறைகளைச் சரிசெய்து கட்டிய பதக்கம்தான் விலைக்கு வைக்கத் தகுந்தது.